காதுக்குள் ஒரு சுண்டைக்காய்

இயர்போன் நுனியில் செருகும் ஃபோம் துண்டாகட்டும், காது கேளாத குழந்தையின் இயர் மோல்டாகட்டும், கருவியை வாங்குவது சுலபம். அதன் நுனியை மாற்றுவதுதான் பெரும்பாடு. திருவனந்தபுரம் காட்டும் கணக்கு இது.

திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளத்தில் கிடைக்காத பொருளே இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான கடைத்தெரு அது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் கடை வைத்திருக்கும் இடமும்கூட. மிளகிலிருந்து செல்போன் உறை வரை எல்லாம் அங்கே குவிந்து கிடக்கிறது. இயர்போனும் அப்படித்தான். ஆனால் இயர்போனின் நுனியில் செருகும் ஃபோம் முனை மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டால் கதை வேறு. நம் ஊர் செல்போன் கடைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கடைக்காரர் ரப்பர் முனை ஒன்றைக் காட்டுவார்; அது பொருந்தாவிட்டால் புது இயர்போனையே எடுத்து நீட்டுவார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. வியாபாரக் கணக்கு அப்படி. இந்தத் துறையில் பெயர் பெற்ற அமெரிக்க 'காம்ப்ளை' ஃபோம் முனைகள் மூன்று ஜோடி ஏறத்தாழ 20 டாலருக்கு விற்கின்றன. அந்தப் பணத்தில் இங்கே சாதாரண இயர்போனே நாலைந்து வாங்கிவிடலாம். அப்படி வாங்கிய ஃபோம் முனையும் நிரந்தரமல்ல. தினமும் பயன்படுத்தினால் மூன்று மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர்களே சொல்லும் கெடு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

பாட்டுக் கேட்பவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் இதே நகரத்தின் ஆக்குளம் பகுதியில், 'நிஷ்' என்று எல்லோரும் அழைக்கும் தேசிய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தின் வாசலில், இதே பிரச்சினை வேறு உருவில் நிற்கிறது. அங்கே காதுக்குள் பொருந்த வேண்டிய சிறு துண்டு சரியில்லை என்றால் கெடுவது சங்கீதம் அல்ல. ஒரு குழந்தையின் பேச்சு.

இடைவெளி செய்யும் வேலை

வயது வந்தவரின் காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் அகலம். நேராகவும் இருக்காது, வளைந்து செல்லும். வாயைத் திறந்து மூடும்போது, உணவை மெல்லும்போது அதன் வடிவம் சற்று மாறும். இடது காதும் வலது காதும்கூடப் பல பேருக்கு ஒரே அளவில் இருப்பதில்லை. இப்படிப்பட்ட குழாயில் சின்னது, நடுத்தரம், பெரியது என்ற மூன்றே அளவில் வரும் ரப்பர் முனை எல்லோருக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது, மூன்றே அளவில் செருப்பு தைத்து ஊருக்கெல்லாம் விற்பது போல.

முனைக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் நழுவிப் போவது தாழ்ந்த சுருதி ஒலிகள். மிருதங்கத்தின் தொப்பி ஓசை கேட்காது. பாட்டு சப்பென்று இருக்கும். அதே வழியாக வெளிச்சத்தம் உள்ளே வரும். பஸ் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக மனிதர் என்ன செய்வார்? ஒலியைக் கூட்டுவார். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் வகுத்த வரையறையின்படி, வயது வந்தவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம், ஆனால் 75 டெசிபல். இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு: மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. ஆகவே கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரம், 86இல் 10 மணி நேரம், 89இல் வெறும் 5 மணி நேரம். அதாவது, இறுக்கம் இல்லாத முனையை ஈடுகட்ட ஒன்பது டெசிபல் கூட்டியவர், வாரம் முழுவதற்குமான பங்கை ஒரே நாளில் தீர்த்துவிடுகிறார்.

நகரின் வடக்கே கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். நாளெல்லாம் கூட்டம், பேச்சு, பயிற்சி எல்லாமே காதுவழிதான் என்ற நிலை இந்தத் துறையில் சாதாரணம். இவர்களுக்கு நல்ல முனை என்பது சொகுசு அல்ல, காதுக்கான காப்பு.

பொருத்தம் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் கண்ட பெரிய உதாரணம் அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்தது. வீரர்கள் பயன்படுத்திய ஒருவகைக் காதடைப்பானின் தண்டு நீளம் குறைவு, அதனால் அது அணிபவருக்கே தெரியாமல் தளர்ந்துவிடுகிறது என்று லட்சக்கணக்கான முன்னாள், இந்நாள் வீரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியிருந்த 3எம், தன் மீது தவறு இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் வழக்குகளைத் தீர்க்க சுமார் 600 கோடி டாலர் தரச் சம்மதித்தது. தகராறு முழுவதும் சில மில்லிமீட்டர் பற்றியது.

பாட்டுக்காகப் பிறந்ததல்ல

விரலால் உருட்டிக் காதில் வைத்தால் மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும் ஃபோம், பாட்டு ரசிகர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அமெரிக்காவின் நேஷனல் ரிசர்ச் கார்ப்பரேஷனில் ராஸ் கார்ட்னர் குழு உருவாக்கிய மஞ்சள் நிறக் காதடைப்பான் 1972இல் சந்தைக்கு வந்தது. தொழிற்சாலை இரைச்சலிலிருந்து தொழிலாளியின் காதைக் காப்பதுதான் அதன் நோக்கம். நசுக்கினால் உடனே திமிராமல் நிதானமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம்தான் அதன் ரகசியம். அந்த நிதானத்தில்தான் காதுக் குழாயின் ஒவ்வொரு வளைவையும் அது நிரப்புகிறது.

அடுத்து அதைப் பிடித்துக்கொண்டவர்கள் செவித்திறன் பரிசோதகர்கள். மீட் கில்லியன் 1983இல் தொடங்கிய எடிமோடிக் ரிசர்ச் நிறுவனம், பரிசோதனைக்கென்றே காதுக்குள் செருகும் இயர்போனைக் கொண்டுவந்தது. மெல்லிய குழாயின் நுனியில் ஃபோம் முனை. தலைக்கு மேல் மாட்டும் பெரிய ஹெட்போன் அழுத்தத்தில் சிலரது காதுக் குழாய் மடிந்துபோய், இல்லாத குறைபாடு இருப்பதாகக் காட்டும். ஒரு காதுக்குத் தரும் ஒலி மண்டையோடு வழியாக மறு காதுக்கும் கேட்டுவிடும். ஃபோம் முனை இந்த இரண்டு தொல்லைகளையும் வெகுவாகக் குறைத்தது. வெளிச்சத்தத்தையும் தடுத்தது. அதே நிறுவனம் 1991இல் இசைக்காகக் கொண்டுவந்த ஈஆர்-4 மாடல்தான் இன்று எல்லோர் காதிலும் இருக்கும் செருகு இயர்போன்களுக்கு முன்னோடி. காம்ப்ளை முனைகளும் முதலில் காது கேட்கும் கருவிக்காக உருவாகிப் பிறகு பாட்டுக்கு வந்தவைதான்.

ஆக, ஃபோம் முனையின் பிறந்த வீடு தொழிற்சாலை. வளர்ந்த வீடு ஆஸ்பத்திரி. அதனால்தான் இதன் விலைக் கணக்கை ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து பார்த்தால் முழு உருவம் தெரிகிறது. பரிசோதனை அறையில் ஃபோம் முனை ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே. ஒரு காதின் கிருமி அடுத்த காதுக்குப் போகக்கூடாது. பல லட்சம் ரூபாய் பெறும் பரிசோதனைக் கருவி இருந்தும் அன்றைக்கு முனை கையிருப்பில் இல்லையென்றால் கருவி சும்மா கிடக்க வேண்டியதுதான்.

ஆக்குளத்து அனுபவம்

'தேசிய' என்று பெயரில் இருந்தாலும் நிஷ், கேரள அரசின் தன்னாட்சி நிறுவனம். 1997இல் தொடங்கியது. செவித்திறன் பரிசோதனை, சிறு குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி, செவி-பேச்சுத் துறைப் பட்டப்படிப்பு ஆகியவற்றோடு காது கேளாத மாணவர்களுக்கென்றே கம்ப்யூட்டர் அறிவியல், நுண்கலை, வணிகவியல் பட்டப்படிப்புகளையும் நடத்திவருகிறது. கருவி இல்லாமல் சைகை மொழியிலேயே படித்துப் பட்டம் பெற முடியும் என்று காட்டிய இடம் அது. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். இங்கேதான் இயர் மோல்டு வருகிறது.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக ஒலி காதுக்குள் போகிறது. அந்தக் குழாயைக் காதில் நிறுத்திவைப்பது மோல்டு எனப்படும் காது அச்சு. ரெடிமேட் முனை பெரியவர்கள் சிலருக்குப் போதும். கடும் குறைபாடு உள்ள குழந்தைக்குப் போதாது. அவரவர் காதுக்கென்று தனியாகச் செய்தாக வேண்டும். பல் கட்டுபவர் அச்சு எடுப்பது போலத்தான் இதுவும். செவிப்பறையைக் காக்க நூல் கட்டிய சிறு பஞ்சை முதலில் உள்ளே வைப்பார்கள். பிறகு இரண்டு பசைகளைக் கலந்த சிலிகான் குழம்பை ஊசிக் குழலால் காதுக்குள் நிரப்புவார்கள். சில நிமிடத்தில் அது கெட்டிப்படும். வெளியே எடுத்தால் காதின் அச்சு அசல் நகல். அதை வைத்து ஆய்வகத்தில் அக்ரிலிக்கிலோ மிருதுவான சிலிகானிலோ மோல்டு செய்வார்கள். குழந்தைகளுக்கு, விழுந்தாலும் காயம் படாத மிருதுவான ரகம்தான் உகந்தது.

அச்சு தளர்ந்தால் என்ன ஆகும்? கருவியிலிருந்து வெளியேறும் ஒலி மறுபடி அதன் மைக்குக்குள் புகுந்து 'கீ' என்று விசிலடிக்கும். கல்யாண வீட்டு மைக் அலறுவது போல, ஆனால் காதுக்குப் பக்கத்திலேயே. விசிலை நிறுத்தப் பெற்றோர் ஒலியளவைக் குறைப்பார்கள். விசில் நிற்கும்; கூடவே பேச்சும் கேட்காமல் போகும். குழந்தை கருவியைப் பிடுங்கி எறியும். கடைசியில் கருவி பீரோவுக்குள் பத்திரமாகப் போய்ச் சேரும். வாங்கிக் கொடுத்தவர்களின் பதிவேட்டில் மட்டும் அது உபயோகத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

வளரும் காது, வளரும் செலவு

பெரியவரின் மோல்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். குழந்தையின் காதோ வளர்ந்துகொண்டே இருக்கும். பிறந்த சில மாதங்களில் மாதம் ஒருமுறைகூட மோல்டு மாற்ற வேண்டியிருக்கலாம். ஒரு வயது வரை இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை, மூன்று வயது வரை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கொருமுறை, பள்ளிக்குப் போகும் வயதில் ஆண்டுக்கொருமுறை என்பது பொதுவான நடைமுறை.

குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஏற்றுக்கொண்ட இலக்கு. மூளை மொழியைக் கற்கும் காலம் கைநழுவிப் போகக்கூடாது என்பதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம். இலக்குப்படி ஆறாவது மாதத்தில் கருவி மாட்டிய குழந்தைக்குக் கணக்குப் போட்டால், ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ பத்து ஜோடி மோல்டு தேவைப்படும். ஒவ்வொரு முறையும் அச்சு கொடுக்க ஒரு நடை, வாங்கிப் பொருத்திப் பார்க்க ஒரு நடை. ஆக இருபது பயணம். இது போதாதென்று மோல்டில் இணைந்த குழாய் சில மாதங்களில் விறைத்து மஞ்சளாகும். அதையும் மாற்ற வேண்டும். பட்டன் பேட்டரி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும்.

மோல்டு விலை தனியாரிடம் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். பல குடும்பங்களை முறிப்பது அந்த விலையைவிட, அதைச் சுற்றியுள்ள செலவுதான். பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, கைக்குழந்தையுடன் காத்திருப்பு. அதாவது சுமைகூலி.

இந்தக் கணக்கு தமிழர்களுக்கும் அந்நியமல்ல. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவனந்தபுரத்துடன் ஒரே ராஜ்யத்தில் இருந்தது. எல்லை மாறினாலும் பழக்கம் மாறவில்லை. 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் அதை ஒட்டியுள்ள எஸ்.ஏ.டி. மகப்பேறு, குழந்தைகள் மருத்துவமனைக்கும் களியக்காவிளை தாண்டி வரும் நோயாளிகள் இன்றும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வைத்தியம் எல்லையைக் கடக்கும். அரசு உதவி கடக்காது. கேரளத்தின் திட்டங்கள் கேரளவாசிகளுக்கு, தமிழ்நாட்டின் திட்டங்கள் தமிழ்நாட்டுவாசிகளுக்கு. காதுக்கு அச்சு எடுக்கும் இடம் எந்த ஊரில் என்பது இத்தகைய குடும்பங்களுக்குச் சின்ன விஷயமல்ல.

விழாவும் விதியும்

மத்திய அரசு 1981 முதல் நடத்திவரும் அடிப் திட்டம் ஏழைகளுக்கு உதவிக் கருவிகள் வழங்குகிறது. கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான அலிம்கோ அவற்றில் பெரும்பகுதியைத் தயாரிக்கிறது. லட்சக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்ட திட்டம் அது. ஒருமுறை உதவி பெற்றவர் அதே காரணத்துக்கு மறுபடி உதவி கேட்க மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்பது 2014 வழிகாட்டு நெறிகளில் உள்ள விதி. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் காத்திருப்பு ஓராண்டு. ஒருவரே அடுத்தடுத்துக் கருவி வாங்குவதைத் தடுக்க இப்படி ஒரு விதி தேவைதான். ஆனால் காது வளரும் வேகத்துக்கு ஓராண்டு என்பது நீண்ட காலம்.

கேரளம் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் கற்றது. 2012இல் அந்த மாநிலம் 'ஸ்ருதிதரங்கம்' திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் குறைந்த குடும்பங்களில் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசமாகக் காக்ளியர் இம்பிளாண்ட் ஆபரேஷன். உள்காதில் மின்முனைகளைப் பதித்து நரம்புக்கு நேரடியாக ஒலியை உணர்த்தும் சிகிச்சை இது. தனியாகச் செய்தால் பல லட்சம் ரூபாய். கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் பொறுப்பில் நடந்த இந்தத் திட்டத்தால், பிறவியிலேயே காது கேளாத நூற்றுக்கணக்கான குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு பேசிச் சிரித்தார்கள்.

உள்ளே பதித்த பகுதி பல பத்தாண்டுகள் நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்படுவது. வெளியே மாட்டும் பகுதி அப்படியல்ல. ஒலியைக் கிரகிக்கும் பிராசசர், காந்தத்தோடு தலையில் ஒட்டிக்கொள்ளும் காயில், இரண்டையும் இணைக்கும் கேபிள், பேட்டரி எல்லாமே தேயும், அறுபடும், வியர்வையில் கெடும். ஓடியாடும் குழந்தையின் தலையில் இருப்பதால் சீக்கிரமே கெடும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அவற்றின் விலை குடும்பத்தின் தலையில். வெளிநாட்டு நிறுவனங்கள் மூன்றுதான் உலகச் சந்தையில் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. ஒன்றின் கேபிள் மற்றொன்றுக்குப் பொருந்தாது. இயர்போன் முனைக்காவது பத்து கம்பெனி உண்டு. இங்கே அதுவும் இல்லை. பழைய மாடலை நிறுவனம் கைவிட்டால் முழு பிராசசரையே மாற்ற வேண்டும். அதற்கு மறுபடி லட்சங்கள்.

சாதனம் கெட்டு, கேட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு மறுபடி நிசப்தம் என்ற புகார் கேரளத்தில் பல ஆண்டுகளாக எழுந்து, 2023இல் பெரிய செய்தியாகவே ஆனது. அந்த ஆண்டில் திட்டப் பொறுப்பு மாநில சுகாதார முகமைக்கு மாற்றப்பட்டது. பழுது பார்க்கவும் பிராசசரைப் புதுப்பிக்கவும் அரசு பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்கான செலவைப் போட்டபோதே அடுத்த பதினைந்து ஆண்டுகளின் கேபிளுக்கும் காயிலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தால் அந்த நெருக்கடியின் பெரும்பகுதி வந்திராது. தமிழ்நாடு உட்பட, காப்பீட்டுத் திட்டத்தில் இதே ஆபரேஷனைச் சேர்த்திருக்கும் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, உலகில் 43 கோடிக்கும் அதிகமானோருக்கு வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு செவித்திறன் குறைபாடு உள்ளது. கருவி தேவைப்படுபவர்களில் நூற்றுக்கு 17 பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். மீதி 83 பேருக்கு ஏன் இல்லை என்பதற்கு விலை, தூரம், கூச்சம் என்று பல காரணங்கள். கருவி கையில் இருந்தும் மாட்டாதவர்களின் காரணங்களில் பொருந்தாத முனைக்கும் இடமுண்டு.

மலிவுக்கு வழி

இயர்போன் விஷயத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்தால் பணம் மிச்சம். முனையின் வெளி அளவை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுபவர்கள்தான் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது இயர்போனின் மூக்கு, அதாவது முனையை மாட்டும் சிறு குழல். அதன் விட்டம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கும். வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதைவிடச் சற்றுக் குறுகிய துளையுள்ள முனையைத் தேர்ந்தெடுத்தால் நழுவாது. ஒயர்லெஸ் ரகங்களில் மூக்கு நீள்வட்டமாகவோ தனிப் பூட்டுடனோ இருக்கும். அவற்றுக்கு அந்தந்த மாடலுக்கான முனையே பொருந்தும். முனை நீளமாக இருந்தால் சார்ஜ் பெட்டி மூடாது என்பதையும் மறக்கக்கூடாது. மாதிரிக்கு ஒரு ஜோடி வாங்கி, பொருந்திய பிறகு மொத்தமாக வாங்குவது லாபம். பெயர் பெற்ற கம்பெனி இல்லாவிட்டாலும், அளவு சரியாக இருந்தால் மலிவு ஃபோம் காதை அடைக்கும், ஆயுள்தான் குறைவு.

இன்னொரு குறுக்கு வழியும் புழக்கத்தில் உண்டு. தொழிற்சாலைக் காதடைப்பானை மருந்துக் கடையிலோ பாதுகாப்புச் சாதனக் கடையிலோ மலிவாக வாங்கி, நடுவில் துளையிட்டு மாட்டிக்கொள்வது. சிக்கனம்தான். ஆனால் துளை பிசகினால் ஃபோம் துண்டு காதுக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது ஹேர்பின்னால் நோண்டாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

திருவனந்தபுரம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் வேறு ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஃபோம் வியர்வையை உறிஞ்சும். ஈரக் காற்றில் சீக்கிரம் உலராது. ஈரமான, அடைபட்ட காது பூஞ்சைக்குப் பிடித்தமான இடம். தினமும் முனையைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைக்க வேண்டும். ஸ்பிரிட் பட்டால் ஃபோம் கெடும். காதில் அரிப்போ கசிவோ இருப்பவர்களுக்கு, கழுவிப் பயன்படுத்தக்கூடிய சிலிகான் முனையே நல்லது. ஒருவர் ஃபோமை மற்றவர் மாட்டுவது கூடவே கூடாது.

எப்படிப்பட்ட முனையானாலும் மாட்டும் விதம் பாதி வேலை. ஃபோமை உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் சுற்றுப்புறச் சத்தம் மங்கும். பாதி ஒலியளவே போதுமானதாகத் தோன்றும். ஆனால் ரோட்டைக் கடக்கும்போது ஹாரனும் மங்கும் என்பதால் அங்கே கழற்றிவிடுவதே உயிருக்கு நல்லது.

கருவி மாட்டும் குழந்தையின் பெற்றோருக்கும் சில எளிய அடையாளங்கள் உண்டு. விசில் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறதா, மோல்டுக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா, குழாய் விறைத்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். விசிலை நிறுத்த ஒலியளவைக் குறைப்பதைவிட மோல்டை மாற்றக் கிளம்புவதே சரி. மோல்டைக் கருவியிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, குழாயில் நீர்த்துளி இல்லாமல் ஊதி உலர்த்த வேண்டும். கருவி மீது தண்ணீர் படக்கூடாது.

நீண்டகாலத் தீர்வு அச்சு எடுக்கும் இடம் அருகே வருவதுதான். ஒரு சிறு ஆய்வகத்துக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியனும் தடையில்லாத மூலப்பொருளும் இருந்தால் நடக்கும். 2007இல் தொடங்கிய தேசிய செவிட்டுத்தன்மைத் தடுப்புத் திட்டம் மாவட்ட அளவில் செவிச் சேவையைக் கொண்டுசெல்ல முயல்கிறது. பரிசோதனை மாவட்டத்திலும் மோல்டு தலைநகரத்திலும் என்றிருந்தால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். காதுக்குள் அணியும் கருவிகளின் கூட்டை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்வது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அச்சின் பிம்பத்தைக் கம்ப்யூட்டர் வழியே அனுப்பினால் மோல்டு தபாலில் வரும். குடும்பத்துக்கு ஒரு பயணமாவது மிச்சம்.

கருவி வழங்கும் விழாவுக்கு மேடை உண்டு, மாலை உண்டு, மறுநாள் பேப்பரில் படமும் உண்டு. அந்தக் குழந்தையின் நாலாவது மோல்டுக்கோ மூன்றாவது கேபிளுக்கோ யாரும் விழா எடுப்பதில்லை. கருவி வாங்குபவரானாலும் வழங்குபவரானாலும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நுனி தேய்ந்தால் எங்கே கிடைக்கும், என்ன விலை, எத்தனை நாளில்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு கருவியின் விலையைப் பேசலாம்.